கீற்றுக்குள் எழுந்த சுவர்

சாமியம்மாள் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் நடவும் களையெடுப்புமாக வளர்ந்தவள். நெய்வேலியில் வரிசை வரிசையாக வீடு கட்டுகிறார்கள், சித்தாள் எத்தனை பேர் வந்தாலும் போதவில்லை என்று கேள்விப்பட்டு, ஐம்பத்தேழாம் வருஷம் புருஷன் கலியனோடு பஸ் ஏறினாள். கலியன் கடைக்கால் தோண்டினான். அவள் செங்கல்லும் கலவையும் சுமந்தாள். ஒரு ப்ளாக் முடிந்தால் அடுத்த ப்ளாக். அவள் தலையில் ஏறாத செங்கல் அந்தத் தெருக்களில் குறைவு என்றே சொல்லலாம். குடியிருந்ததோ கீற்றுக் கொட்டகையில்.

கொட்டகை கான்ட்ராக்டருடையது. கீற்று, கழி, கயிறு எல்லாம் அவர் கொடுத்தது. வேலை முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றி, அடுத்த இடத்தில் இறக்குவார்கள். சுவர் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. "செவுரு வெச்சா வேர் வுட்டுருவீங்க. அப்புறம் கெளப்ப முடியாது" என்று மேஸ்திரி சோமசுந்தரம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சோமசுந்தரத்திடம் ஒரு மூங்கில் பிரம்பு இருந்தது. விடிந்தும் விடியாமலும் கொட்டகை வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொரு கீற்றிலும் பிரம்பைச் செருகி உள்ளே குத்துவார். எழுந்து பதில் குரல் கொடுத்தால் அடுத்த கொட்டகைக்குப் போவார். யாரையும் அடிக்க வேண்டும் என்று குத்தியதில்லை. ஆளை எழுப்புவது அவர் வேலை, அதற்கு அது சுலபமான வழி, அவ்வளவுதான்.

மூன்றாவது முகாமில் சாமியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்தது. ஐந்தாம் நாள் காலையில் பிரம்பு கீற்றைத் துளைத்துக்கொண்டு வந்து, பால் கட்டிக் கல்லாகக் கிடந்த அவள் மார்பில் குத்தியது. அவள் போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் எழுந்து வந்துவிட்டது. "அய்யோ, நீ படுத்துகினு இருக்கிற பக்கம்னு தெரியலம்மா" என்றார் மேஸ்திரி. உண்மையிலேயே தெரியாதுதான். இன்னும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றும் சொன்னார். அவள் எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பக்கமும் கீற்றுதான்.

அன்றைக்குத்தான் அவள் மனத்தில் ஓர் எண்ணம் விழுந்தது. மேஸ்திரியோடு சண்டை போட வேண்டும் என்றோ ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றோ தோன்றவில்லை. சாய்ந்தால் தாங்குகிற, குத்தினால் உள்ளே வராத ஒரு சுவர் வேண்டும். அதை யாரிடமும் கேட்கப் போவதில்லை.

அறுபதாம் வருஷம் தை மாதத்தில் நாலாவது முகாம் போட்டார்கள். டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கு. ஒன்பது கொட்டகை. சாமியம்மாள் முந்திக்கொண்டு கடைசிக் கொட்டகையைப் பிடித்தாள். கொஞ்சம் மேடான இடம், பின்னால் முந்திரி மரங்கள், அதற்கப்பால் ஏரி.

"இங்க செவுரு வெக்கப் போறேன்" என்றாள் கலியனிடம்.

கலியன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். "இன்னாடி ஒளர்ற? வெக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க இல்ல?"

"வெளிய வெச்சாத்தான தெரியும்? கீத்துக்கு உள்ளாற வெக்கறேன்."

"தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"போவட்டும்."

"போவட்டும்னா? எதைத் தின்றது?"

"மண்ணைத்தான் தின்றோம் மூணு வருசமா. கொஞ்ச நாளு அதுல செவுரு வெச்சிப் பாக்கறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கலியன் அப்படி ஒன்றும் தைரியசாலி இல்லை. தடுக்கிற தைரியமும் அவனுக்கு இல்லை.

நெய்வேலிச் செம்மண் பார்க்க அழகாக இருக்கும். பிசைந்து வைத்தால் மணலும் சரளையுமாக உதிரும். பண்ணையில் சுவர் வைத்தபோது சேறு மிதித்தவள் என்பதால் அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏரியில் தண்ணீர் வற்றிய ஓரத்திலிருந்து களிமண் எடுத்து, இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு களி என்று கலந்தாள். உமி போட்டு, கொட்டகைக்குப் பின்னால் வெட்டிய குழியில் மிதித்து, ஈரச் சாக்கு மூடி நாலு நாள் புளிக்க விட்டாள். வேலை விட்டு வரும்போது மற்ற பெண்கள் தலையில் சுள்ளி வரும், அவள் தலையில் களிமண் வரும்.

பக்கத்துக் கொட்டகை வீராயி பத்து நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா சாமி, தெனம் மண்ணு தூக்கிகினு போற?"

"அடுப்பு போடறேங்க்கா."

"ஒரு அடுப்புக்கா இம்மாம் மண்ணு? ஊருக்கே பொங்கி எறக்கப் போறியா?"

சாமியம்மாள் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் வீராயி விடுகிற ஆள் இல்லை. மறுநாள் உப்புக் கேட்கிற சாக்கில் உள்ளே வந்து பார்த்தாள். கீற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு பக்கமும் ஒரு முழ அகலத்தில், ஒரு முழ உயரத்தில் முதல் அடுக்காக ஒரு படை மண் ஈரமாக உட்கார்ந்திருந்தது. வீராயி அதைத் தொட்டுப் பார்த்தாள். உப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முதல் முயற்சி கெட்டுப்போயிற்று. வெயில் படுகிற சுவராக இருந்தால் ஒரு படை ஐந்து நாளில் காய்ந்துவிடும். கீற்றுக்குள் வெயில் ஏது? அந்தக் கணக்கை மறந்து ஆறாம் நாள் இரண்டாவது படையை ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடியிலிருந்த படை பிதுங்கி, மேல்படை சரிந்து, ஒரு பக்கச் சுவர் முழுவதும் அவர்கள் பாயின் மேல் சேறாக உட்கார்ந்தது. கலியன் பாயை உருவிக்கொண்டே, "இதோட வுட்டுடு சாமி, நமக்கு இது ஆவாது" என்றான்.

"ஆவாம இன்னா? அவசரப்பட்டுட்டேன்" என்று அவள் அந்தச் சேற்றையே வாரி மறுபடி குழியில் போட்டாள். அதற்கப்புறம் படைக்குப் பதினைந்து நாள். வேலைக்குப் போகும்போது மேல் கீற்றைக் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் தூக்கிக் கட்டிவிட்டுப் போவாள். காய்ந்த படையை மண்வெட்டியால் செதுக்கி மட்டம் பார்த்த பிறகே அடுத்தது. சுவர் அடைத்துக்கொண்டதில் உள்ளே இடம் சுருங்கிப்போயிற்று. கலியன் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே நீண்டுகொண்டிருந்தது.

பிரம்பு உள்ளே வராமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. மேஸ்திரி வருவதற்கு முன்னாலேயே சாமியம்மாள் தலையில் சும்மாட்டோடு வாசலில் நின்றாள். "நீ ஒருத்திதான் சொல்லாம எழுந்திரிக்கிறவ" என்று அவர் பாராட்டிவிட்டுக்கூடப் போனார்.

சித்திரையில் ஒருநாள் வீராயி ஏரிப் பக்கமிருந்து தலைச்சுமையோடு வந்தாள். "நானும் ஒரு அடுப்பு போடலாம்னு" என்றாள், சாமியம்மாளின் முகத்தைப் பார்க்காமல். அதன் பிறகு வரிசையில் அடுப்பு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "ஒன் அடுப்பு எம்மாம் ஒசரம் வந்துச்சி?" என்று சாரத்தின் மேல் செங்கல் கைமாற்றும்போது கேட்டுக்கொண்டார்கள். மேஸ்திரி காதில் விழுந்தும் அவருக்கு விளங்கவில்லை.

ஆனி மாதம் விளங்கியது. அன்று காலை சாமியம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். கலியன் தூங்கிவிட்டான். வாசலில் ஆளைக் காணாத மேஸ்திரி பக்கவாட்டுக் கீற்றில் பிரம்பைச் செருகிக் குத்தினார். உள்ளே போகவில்லை. இன்னும் வேகமாகக் குத்தினார். பிரம்பு நுனி பிளந்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

"ஏ கலியா! இன்னாடா இது உள்ள?"

"அடுப்புங்க" என்றான் கலியன் தூக்கக் கலக்கத்தில்.

சாமியம்மாள் குடத்தோடு திரும்பியபோது மேஸ்திரி உள்ளே நின்றுகொண்டிருந்தார். சுவர் அவர் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. உள்பக்கம் செம்மண் பூசி, சாணம் மெழுகி, ஒரு விளக்கு மாடமும் வைத்திருந்தாள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"மாசியில இருந்துங்க."

"சொன்னேன் இல்ல, செவுரு வெக்கக் கூடாதுன்னு?"

"சொன்னீங்க."

"சாயங்காலத்துக்குள்ள இது தரைமட்டமா இருக்கணும். இல்ல, ரெண்டு பேரும் கணக்கு முடிச்சிகினு கெளம்புங்க."

"நான் வெச்சதை நான் இடிக்க மாட்டேங்க. நீங்க வேணா இடிச்சிக்கங்க."

சோமசுந்தரம் சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு முழ அகலத்துக்குக் காய்ந்த மண். அது அசையவில்லை. வரிசைப் பெண்கள் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். அவமானத்தில் அவர் முகம் சிவந்தது. கலியனைப் பார்த்தார். மூலையில் அவன் கடப்பாரை சாய்ந்திருந்தது.

"எடுடா அதை. நீ இடி."

கலியன் கடப்பாரையை எடுத்தான். சாமியம்மாள் அவனையே பார்த்தாள். அவன் இடிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். பண்ணையிலும் சரி, இங்கேயும் சரி, ஒருவர் சொல்லி அவன் மறுத்ததை அவள் பார்த்ததில்லை. அவன் இரண்டு கையாலும் கடப்பாரையைக் கிடைமட்டமாகப் பிடித்து மேஸ்திரியிடம் நீட்டினான்.

"கான்ட்ராக்ட் சாமானுங்க இது. வாங்கிக்கங்க. மம்பட்டியும் வெளிய இருக்குது."

"வேலை வேணாமாடா?"

"வேணாங்க" என்றான்.

மேஸ்திரி கடப்பாரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "இது ஒண்ணுதானா, இன்னும் எங்கனா இருக்குதா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். வீராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க கொட்டாய்லயும் கீத்தைத் தூக்கிப் பாருங்க" என்றாள். அவர் தூக்கிப் பார்த்தார். அடுத்ததில் பார்த்தார். நாலாவது கொட்டகையோடு நிறுத்திக்கொண்டார். எல்லாரையும் நிறுத்தினால் ஆவணிக்குள் முடிக்க வேண்டிய ப்ளாக்குக்குக் கலவை சுமக்க ஆள் இல்லை. அவர் கண்காணிப்பில் இத்தனை சுவர் எழுந்தது என்று கான்ட்ராக்டருக்குத் தெரிந்தால் முதலில் போவது அவர் வேலைதான். "நான் எதையும் பாக்கல. வேலை முடியட்டும், அப்ப இருக்குது ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தரையாவது தண்டித்த மாதிரி இருக்க வேண்டும் என்று சாமியம்மாளையும் கலியனையும் மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார். கொட்டகையைப் பிரித்தால் சுவர் வெளியே தெரிந்துவிடும் என்று அதை மட்டும் விட்டுவைத்தார்.

இருவரும் அந்த இரண்டு மாதம் பட்டது கொஞ்சமில்லை. சாமியம்மாள் காடாம்புலியூருக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கொட்டைப் பால் பட்டு விரல்கள் கருத்துத் தோல் உரிந்தது. அந்தக் கையோடு வந்துதான் மீதிப் படைகளை ஏற்றினாள். கலியன் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறேன் என்று கிளம்பியவன் ஒரு மாதமாகியும் வரவில்லை. "அவன் வர மாட்டான். பயந்தவன்" என்று சிலர் சொன்னார்கள். சாமியம்மாளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வந்தால் வரட்டும், வராவிட்டால் இருக்கட்டும் என்று சுவரைத் தலைக்கு மேல் கொண்டுபோனாள்.

ஆவணியில் ப்ளாக் முடிந்தது. லாரி வந்தது, பின்னாலேயே ஜீப்பில் கான்ட்ராக்டரும் வந்தார். ஆட்கள் கொட்டகை பிரிக்க இறங்குவதற்குள் சாமியம்மாளே கயிற்றை அறுத்துக் கீற்றுகளைக் கழற்றி வாசலில் அடுக்கத் தொடங்கினாள். வரிசையில் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கீற்று விழ விழ, உள்ளே இருந்தது வெளியே வந்தது. கூரை இல்லாமல், வாசல் மட்டும் திறந்து, ஒன்பது மண் சுவர் வீடுகள். சில இடுப்பளவு, சில ஆளுயரம்.

கான்ட்ராக்டர் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை. "யார் குடுத்த தைரியம் இது?" என்றார்.

"ஒங்க கீத்து, ஒங்க கழி, ஒங்க கயிறு எல்லாம் இங்க இருக்குதுங்க. சரி பாத்து ஏத்திக்கங்க" என்றாள் சாமியம்மாள்.

"இந்தச் சுவர்?"

"அது எங்களுதுங்க."

"இடம் உன் பாட்டன் சொத்தா? போலீஸைக் கூப்பிட்டா தெரியும்."

"எங்க பாட்டன் சொத்து இல்லீங்க. ஒங்களுதும் இல்லியே. சர்க்கார் எடம். சர்க்கார் வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

அவருக்கு அடுத்த சைட் காத்துக்கொண்டிருந்தது. மண் சுவருக்காக நின்று வாதாட நேரமில்லை. "என் வேலை வேணுங்கறவங்க இப்பவே லாரியில ஏறுங்க. ஏறாதவங்க மூஞ்சை நான் அப்புறம் பாக்க மாட்டேன்" என்றார். நாலு குடும்பம் பாய் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, சின்னப் பிள்ளைகள் வைத்திருந்தவர்கள். அதில் ஒருத்தி லாரியில் நின்றபடி தான் வைத்த சுவரைப் பார்த்து அழுதுகொண்டே போனாள். ஐந்து குடும்பம் நின்றது. வீராயியும் நின்றாள்.

மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கூரைக்கு ஒன்றும் இல்லை. புரட்டாசி முதல் வாரத்தில், சாமியம்மாள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து கடைசிப் படையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய கரும்புத் தோகை. அதன் மேல் கலியன் உட்கார்ந்திருந்தான்.

"இம்மாம் நாளு எங்கய்யா போன?" என்றாள் மேலே இருந்தபடியே.

"கூலிக்குப் பதிலா தோகை குடுங்கன்னு கேட்டேன். சேர்றதுக்கு நாளாயிடுச்சி" என்றான். பிறகு சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வடக்குப் பக்கம் கொஞ்சம் கோணலா இருக்குது" என்றான்.

"கோணலாவே இருக்கட்டும்" என்றாள்.

முந்திரிக் கழிகளை வெட்டி, கறையான் ஏறாமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவிக் கட்டினார்கள். தோகையை, கூரை விளிம்பான எறவாணம் நன்றாக வெளியே தள்ளும்படி வேய்ந்தார்கள். மிச்சத் தோகை வீராயிக்குப் போயிற்று. ஐப்பசி மழை பிடித்தபோது ஐந்து வீடுகளிலும் அடுப்பு எரிந்தது, நிஜமான அடுப்பு. கிழக்குச் சுவரின் அடியை மழை கொஞ்சம் அரித்தது. பனையோலைத் தட்டி கட்டிக் காப்பாற்றினார்கள். லாரியில் போனவர்களின் சுவர்கள் கூரையில்லாமல் நனைந்து, கரைந்து, கார்த்திகைக்குள் நாலு மண்மேடாகிவிட்டன. சாமியம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த மழை ஓய்ந்த பிறகுதான் சர்க்கார் வந்தது. ஜனத்தொகைக் கணக்குக்கு முன்னால் வீடு வீடாக நம்பர் போட்டுக்கொண்டு ஒரு வாத்தியார் வந்தார். பேர் பரமசிவம், திருநெல்வேலிக்காரர். செருப்பில் அப்பிய சேற்றை உதறிக்கொண்டே பெரிய தாளை விரித்தார்.

"இது என்னம்மா, கொட்டகையா?"

"வூடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். "சுவர் என்னது, மண்ணா?"

"மண்ணுதாங்க. ரெண்டு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு ஏரிக் களி."

"அவ்வளவெல்லாம் எழுத இதுல இடமில்லம்மா" என்று சிரித்தார். "மண் சுவர். கூரை, தோகை. குடும்பத் தலைவர் பேரு?"

"சாமியம்மாள்னு எழுதிக்கங்க" என்றான் கலியன் உள்ளேயிருந்து.

"நீங்க இருக்கீங்களே?"

"நான் பாதியில போயிட்டு வந்தவங்க."

வாத்தியார் யோசித்தார். வழக்கப்படி கலியன் பேரைத்தான் எழுதினார். தார் டப்பாவில் குச்சியை முக்கி வாசல் ஓரம் நம்பர் எழுத அவர் குனிந்தபோது, "அங்க மழை அடிக்கும், அழிஞ்சிடும். மேல எறவாணத்துக்குக் கீழ போடுங்க" என்று சாமியம்மாள் இடம் காட்டினாள். நம்பர் என்பது பட்டா இல்லை என்று அவர் எச்சரித்துவிட்டுப் போனார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் இரண்டு தடவை இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். இரண்டு தடவையும் ஐந்து வீட்டுப் பெண்களும் வேலைக்குப் போகாமல் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் பேரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள்.

அறுபத்திரண்டில் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தனகோட்டி என்று பேர் வைத்தார்கள். கலியன் மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்புப் பக்கம் தினக்கூலியாகச் சேர்ந்து, அறுபத்தைந்தில் பர்மனென்ட் ஆனான். இரண்டு வருஷம் கழித்து அவன் பேருக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது.

கலியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரன் இசக்கிமுத்து, "கரண்டு, பைப்பு, சிமிட்டித் தரை. நாளைக்கே போயிரும்வே" என்று அவனை உசுப்பிவிட்டிருந்தான். சாமியம்மாள் பார்க்க வந்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் குடித்தாள். சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்குது என்றாள். சாவி கொண்டுவந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது எம்மாம் நாளைக்கு?"

"உங்க வூட்டுக்காரர் ரிட்டையர் ஆவற வரைக்கும்மா. அம்பத்தெட்டு வயசு."

"அதுக்கப்புறம்?"

"காலி பண்ணிக் குடுத்துடணும்."

"அப்ப அவங்களே வெச்சிக்கட்டும்" என்று தனகோட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கலியன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவன் அந்தக் குழாயில் மனசை வைத்துவிட்டான். "பத்து வருசமா தண்ணி தூக்கற, போதாதா ஒனக்கு?" என்று மூன்றாம் நாள் கத்தினான். "தூக்கிக்கறேன். கெளம்புன்னு ஒருத்தன் சொல்ற எடத்துல இனிமே நான் படுக்க மாட்டேன்" என்றாள் அவள். அவன் வெகுநேரம் வெளியே போய் நின்றிருந்தான். அடுத்த வாரம் ஆபீசில் குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்தான். இப்படி ஒரு காகிதத்தை இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்று கிளார்க் சொன்னதை வீட்டில் வந்து சொல்லும்போது மட்டும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தப் பங்குனியில் வீட்டுக்குத் தெற்கே இன்னொரு அறைக்குச் சேறு மிதித்தாள் சாமியம்மாள். இந்தத் தடவை கீற்று மறைப்பு இல்லை. பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மிதித்தாள். வீராயி உமியைத் தூவிக்கொண்டிருந்தாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த கலியன் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்தான். இன்னும் கோபம் தீராத முகத்தோடு பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குழியில் இறங்கப் போனான்.

"யோவ், காலைப் பாரு, ஒரே கிரீஸு" என்றாள் அவள். "கழுவிகினு வா. எண்ணெய் பட்டா மண்ணு ஒட்டாது."

கலியன் முனகிக்கொண்டே தண்ணீர்ப் பானைப் பக்கம் நடந்தான்.